சடுகுடுவா சைக்கிளா என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உன் அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, மலாக்காவில் வாடகைக்கு ஒரு நல்ல அறை கிடைத்துவிட்டது, பெண் வீட்டார் தங்கமான மனிதர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அவளுக்கு அதெல்லாம் போதவில்லை. மருமகளுக்கு என்ன நிறத்தில் சேலை பிடிக்கும் என்று ஏன் எழுதவில்லை என்று என்னிடம் கோபித்துக்கொண்டாள், ஏதோ கடிதத்தை நான் எழுதியது மாதிரி. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாய். கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் உனக்கென்று மிஞ்சும். அங்கே திடலில் நம் ஆட்கள் சடுகுடுக் குழு வைத்திருக்கிறார்கள். உன் ஆபிஸ்காரர்கள் சைக்கிள் கிளப் ஒன்று தொடங்கி சுங்கை ஊடாங் கடற்கரை வரைக்கும் போய் வருகிறார்கள். இரண்டுக்கும் நேரம் இல்லை, எதில் சேரட்டும், நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் அப்பா என்று எழுதியிருந்தாய்.

உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "தாலி கட்டப் போறவன், விளையாடறதுக்குக்கூட அப்பாகிட்ட பெர்மிஷன் கேக்குறான் பாருலா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் நிற்கும்போதும், ரப்பர் மரத்து வரிசையில் நடந்து போகும்போதும் உன் கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு உரிமை கிடையாது, தம்பி. ஏன் கிடையாது என்று சொல்லத்தான் இவ்வளவு காகிதம் வாங்கி வந்திருக்கிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைக்கும் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மற்றப் பிழையைப் பொறுப்பதும் பொறுக்காததும் உன் இஷ்டம்.

முதலில் உன் முத்து மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். எங்கள் கல்யாணத்தின்போது மூக்கு ஒழுகிக்கொண்டு என் பின்னாலேயே சுற்றியவன். அவனை எனக்குப் பிடிக்கும், அது பொய்யில்லை. உனக்குக் காது குத்திய அன்றுதான் முதன்முதலில் எனக்கு அவன்மேல் வயிறு எரிந்தது. நீ காலையிலிருந்து என் கையில் இருந்துகொண்டு வீறிட்டு அழுதுகொண்டிருந்தாய். பாட்டுப் பாடினேன், தோளில் போட்டு நடந்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும், அவன் மடியில் உன்னைப் போட்டார்கள். போட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாய். ஊசி ஏறியபோதுகூட ஒரு சிணுங்கல்தான். கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் "மாமன் கை ராசி" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறு மாதப் பிள்ளை யார் மடியில் அழாமல் இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்கிற அப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

உனக்கு நடை வந்ததிலிருந்து நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று, சடுகுடு. என்னிடம் வேறு சொத்து இல்லை. டுரியான் துங்கால் சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் என் பெயரைச் சொன்னால் ஒரு காலத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் முகம் மாறும். மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்புவேன். இடது முழங்கால் போன பிறகும் பிடிக்கிற பக்கம் நின்று ஆடினேன். கோயில் முன்னால் இருக்கிற மணல் திடலில் உன்னை நிறுத்தி, "டேய், கண்ணப் பாக்காத, காலப் பாரு" என்று நான் கத்தினது உனக்கு மறந்திருக்காது. நீயும் நன்றாகத்தான் ஆடினாய். உன் மூச்சு என் மூச்சைவிட நீளம். ஆனால் உன் கண் திடலில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் வேட்டியை உதறிக்கொண்டு வேலிப் பக்கம் போய் நிற்பாய். அந்தப் பக்கம் மண் சாலையில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பாய்.

அது வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் உச்சத்தில் இருந்த சமயம். நம் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட், கேட்டில் துப்பாக்கியோடு காவல்காரர்கள். வெளியூர்க்காரன் உள்ளே வர வேண்டுமானால் ஆபிசில் பாஸ் வாங்க வேண்டும். பால் மரம் வெட்டப் போகிறவர்கள் கையில் ஒரு பிடி சோறு கொண்டு போகக் கூடாது, காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோமாம். வெறும் வயிற்றோடு பால் சேகரித்துவிட்டு வந்துதான் சாப்பிட்டோம். அந்தக் காலத்தில் ஒரு மனிதன் சைக்கிளை ஆசைக்காக ஓட்டினான் என்றால் அது உன் மாமா ஒருவன்தான். அலோர் காஜாவில் ஓர் அரசாங்க ஆபிசில் அவனுக்குப் பியூன் வேலை. ஆபிஸ் ஆபிசாகக் கடிதக் கட்டுகளைச் சைக்கிளில் கொண்டு போவான். ஞாயிற்றுக்கிழமையும் அதே சைக்கிளில் பத்து மைல் மிதித்துக்கொண்டு உன்னைப் பார்க்க வருவான். கேட்டில் பம்பைக் கழற்றி, சீட்டைக் கழற்றி, உள்ளே அரிசி ஒளித்திருக்கிறானா என்று பார்ப்பார்கள். அவன் சளைக்காமல், "நல்லா பாருங்கலா, பெல்லுக்குள்ள பாயாசம் இருக்கு" என்று அவர்களையே சிரிக்க வைத்துவிடுவான்.

உனக்கு அந்தப் பச்சை சைக்கிளை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். பழைய சைக்கிள், அவனே பிரித்துத் துடைத்துச் சாயம் அடித்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை உன் மாமாவுடையது ஆனது. கேட்டில் ஐ.சி.யை, அந்த அடையாள அட்டையை, காட்டிவிட்டு இரண்டு பேரும் கிளம்புவீர்கள், ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்துவதற்குள் திரும்பி வருவீர்கள். வந்ததும் "மாமா சொன்னாரு" என்று ஆரம்பிப்பாய். மாமா சொன்னாரு, மேட்டுல ஏறும்போது எழுந்து நிக்கக் கூடாதாம். மாமா சொன்னாரு, செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டா தூசி ஒட்டுமாம். உன் அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டே வாயைப் பிளந்து கேட்பாள். நான் வெற்றிலை வாங்க எழுந்து போய்விடுவேன்.

கடலை உனக்குக் காட்டுவதாக நான் சொல்லியிருந்தேன், நினைவிருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் சொன்னது. இந்தத் தைப்பூசம், அடுத்த தைப்பூசம் என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கும், இல்லாவிட்டால் கைக்காசுக்குக் கூடுதல் வேலை இருக்கும். ஒரு ஞாயிறு நீ பொழுது சாய வந்து நின்றாய், சட்டையெல்லாம் உப்புப் பூத்திருந்தது, முகம் கன்னங்கரேல் என்று கருத்திருந்தது. "அப்பா, கடல் பாத்துட்டேம்பா! சுங்கை ஊடாங் பக்கம். தண்ணி வந்து காலுக்கடியில மண்ண இழுக்குது" என்றாய். நான் "அப்படியா" என்று மட்டும் சொன்னேன். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கூப்பிட்டிருந்தால் மட்டும் போயிருப்பேனா? எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. உன் மாமா முன்னால் ஓட்டிப் பழகவும் மனம் வரவில்லை. அன்று ராத்திரி உன் அம்மாவிடம் குழம்பில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். உனக்குப் பதினேழு முடிந்த வருஷம். அலோர் காஜாவில் திடலைச் சுற்றி இளைஞர்களுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். மாமா உன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் சடுகுடு. பாடிப் போக உன்னைத்தான் நம்பியிருந்தோம். நீ என் முன்னால் வந்து நின்று, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, "அப்பா, இந்த ஒரு தடவ மட்டும் நான் பந்தயத்துக்குப் போய்க்கிறேம்பா. அடுத்த ஆட்டத்துக்குக் கண்டிப்பா நிக்கிறேன்" என்றாய். லயத்து ஆட்கள் நாலைந்து பேர் பக்கத்தில் இருந்தார்கள். "இதுக்கென்னடா, தாராளமா போய்ட்டு வா" என்றேன். பெரிய மனுஷன் பேச்சு. எல்லாரும் தலையாட்டினார்கள். சடுகுடுவில் ஒருவன் எவ்வளவு தூரம் போனாலும் மூச்சு முடிவதற்குள் தன் பக்கத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதனால்தானோ என்னவோ எனக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்தது. சைக்கிளில் போகிறவனை யார் திரும்பி வரச் சொல்ல முடியும்?

பந்தயத்தன்று விடியற்காலையில் நீ குளிக்கப் போயிருந்தாய். உன் ஐ.சி. உன் சட்டைப் பையில் இருந்தது, சட்டை ஆணியில் தொங்கியது. நான் அதை எடுத்து என் சாரோங் மடிப்பில் செருகிக்கொண்டேன்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாலு நாள் ஆனது, தம்பி. நீ தொலைக்கவில்லை. எந்தக் காலத்திலும் நீ அதைத் தொலைக்கவில்லை. உன் அப்பன்தான் எடுத்தான்.

ஐ.சி. இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது, தாண்ட முடியாவிட்டால் நீ வீட்டில் இருப்பாய், வீட்டில் இருந்தால் சாயங்காலம் என்னோடு திடலுக்கு வருவாய். என் புத்தி அவ்வளவு தூரம்தான் போனது. வாயால் போ என்று சொல்லிவிட்டேன், வேண்டாம் என்று சொல்ல மானம் போகும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று ஆத்திரம்கூட இல்லை, பச்சைப் பொறாமை. நீ பாயை உதறினாய், பெட்டியைக் கொட்டினாய், அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறினாய். உன் அம்மா சாமி படத்தின் பின்னாலெல்லாம் தேடினாள். நானும் தேடினேன். குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் தேடினேன், மடிப்பில் இருந்த ஐ.சி. இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் உன் மாமா மணி அடித்துக்கொண்டு நின்றான்.

நீ அழுதுகொண்டே கேட்டுக்குப் போனாய். அன்று காவலுக்கு நின்றவன் நம் பக்கத்துக் கம்போங் கிராமத்தைச் சேர்ந்த மலாய்க்கார இளைஞன், உன்னோடு பந்து உதைத்தவன். உன் முகத்தைப் பார்த்தான். "பெர்கிலா, செபாட் பாலெக்" என்றான், போய்விட்டுச் சீக்கிரம் வந்துவிடு என்று. கேட் திறந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன், உனக்கும் எனக்கும் நடுவில் இருபது முப்பது அடிதான் இருக்கும். தம்பி, இந்தா கிடைத்துவிட்டது என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். எடுத்ததுகூட ஒரு கண நேரத்துப் புத்திக் கோளாறு என்று வைத்துக்கொள். ஆனால் நீ சைக்கிளில் ஏறி, மாமா உன் முதுகில் தட்டி, இரண்டு பேரும் சாலை வளைவில் மறைகிற வரைக்கும் நான் வாயைத் திறக்காமல் நின்றேனே, அதுதான் என்னை இத்தனை வருஷமும் தின்கிறது. ஐ.சி. இல்லாதவனைச் சாலையில் பிடித்தால் என்ன ஆகும் என்று அந்தக் காலத்தில் தெரியாத மனிதன் யார்?

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், உனக்குத் தெரிந்ததை உன்னிடம் இருந்துதான் நான் கேட்டேன். முச்சந்தியில் போலீஸ்காரர்கள் ரோடு பிளாக் போட்டிருந்தார்கள். உன்னிடம் கேட்டார்கள், நீ திருதிருவென்று விழித்தாய். மாமா சட்டென்று, "இவன் ஐ.சி. என் ரூம்ல இருக்கு, என் அக்கா பையன், நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டான். உன்னை லாரியில் ஏற்றக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய். அவர்கள் விடவில்லை. அலோர் காஜாவுக்குக் கூட்டிப் போய் அவன் அறையைப் புரட்டினார்கள். இல்லாத பொருள் எங்கே கிடைக்கும்? பொய் சொன்னவன் என்று அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது, பியூன் என்பதால் ஆபிஸ் கடிதங்களை யாருக்குக் காட்டினாய் என்று ஆரம்பித்துவிட்டார்கள். மத்தியானம் தோட்டத்துக்குத் தகவல் வந்தது. நான் முதலில் எங்கே போனேன் தெரியுமா? ரப்பர் ஷீட் காய வைக்கிற புகைக்கூட்டுக்கு. அடுப்பில் அந்த ஐ.சி.யைப் போட்டேன். உன் படம் சுருண்டு கறுத்துப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் தோட்டத்து ஆபிஸ் குமாஸ்தா கிராணியோடு லாரியில் ஏறினேன்.

ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கிராணியை வைத்து என்னிடம் கேட்டார், இவனுக்கு ஐ.சி. இருந்ததா என்று. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இருந்துச்சுங்க, பய தொலச்சிட்டான்" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன்னை விட்டார்கள், கிராணி கையெழுத்துப் போட்டார். மாமாவை விடவில்லை. உள் அறைக் கதவு வழியாக அவனைப் பார்த்தேன், உதடு வீங்கியிருந்தது. "மச்சான், தம்பியக் கூட்டிட்டுப் போங்க. பச்சத் தண்ணிகூடக் குடிக்கல அவன். நான் வந்துருவேன்லா, அக்காகிட்ட சொல்லுங்க" என்றான். நாம் வாசலைத் தாண்டும்போது நீ திரும்பித் திரும்பி அவனைத்தான் பார்த்தாய். என் கை உன் தோளில் இருந்தது, உன் கண் அவன்மேல் இருந்தது. அந்த நிலையிலும் எனக்கு வயிறு எரிந்தது, தம்பி. அவனை அங்கே உட்கார வைத்தவனே நான், எனக்கே வயிறு எரிந்தது. பொறாமைக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். ஒன்றும் இல்லை என்று விட்டபோது அவன் வேலை போயிருந்தது. பேசி வைத்திருந்த பெண் வீட்டில், போலீசில் இருந்து வந்தவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அந்தக் கேட் காவல்காரனையும் எங்கோ மாற்றிவிட்டார்கள். நீ பச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாய். "என் கவனக்குறைவாலதான் மாமாவுக்கு இப்படி ஆச்சு. இனிமே இந்தச் சனியனே வேணாம்பா" என்றாய். உன் அம்மா உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் என்ன செய்தேன்? "சரி விடு, நடந்தது நடந்துபோச்சு. சாயங்காலம் திடலுக்கு வா" என்றேன்.

நீ வந்தாய். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தாய். வேலியைப் பிடுங்கினார்கள், கேட் போனது, சுதந்திரம் வந்தது, நாம் திடலில் இருந்தோம். நம் தோட்டத்தை யாரும் ஜெயிக்க முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்தானின் கடைசி மூன்று பேரை ஒரே மூச்சில் நீ தொட்டுவிட்டு வந்தாயே, அன்று உன்னை என் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றினேன், முழங்கால் கத்தியது, நான் காதில் வாங்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு கிடையாது. நம் லயத்தில் எல்லாரும், "அப்பனும் மகனும்னா இப்படியில்ல இருக்கணும்" என்றார்கள். கூட்டத்துக்கு வெளியே உன் மாமா நின்று கை தட்டிக்கொண்டிருந்தான். அப்போது அவன் டுரியான் துங்கால் கடைவீதியில் ஒரு மரத்தடியில் சைக்கிள் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான், கையெல்லாம் கிரீஸ். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன், உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

உன் கேள்வி என்னை ஏன் இப்படி ஆட்டிவிட்டது என்று இப்போது புரிந்திருக்கும். சைக்கிள் கிளப் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே, "எனக்குச் சைக்கிள்னா இன்னும் கொஞ்சம் பயம்தான், என் ராசி அப்படி" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அப்படி ஒரு ராசி கிடையாது. அது நான் உன் தலையில் ஏற்றி வைத்த பழி. ஆறு வருஷமாக நீ அதைச் சுமந்துகொண்டு திரிகிறாய், மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவாளி மாதிரி குனிகிறாய், போன தீபாவளிக்கு உன் முதல் போனஸில் அவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாய். அவன் அதை என்னிடம் காட்டி, "பாத்தீங்களா மச்சான், பய என்ன மறக்கல" என்று பெருமை அடித்தான். எனக்கு நீ வேட்டி எடுத்திருந்தாய். சட்டை உசத்தியா வேட்டி உசத்தியா என்று நான் யோசித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியும் என் புத்தி அந்த மட்டில்தான் நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை முதலில் அவனிடமே சொல்லிவிடலாம் என்று அவன் கடைக்குப் போனேன். டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டான். "வாங்க மச்சான். தம்பி ஆபிஸ்ல சைக்கிள் கிளப் இருக்காமே? அக்கா சொல்லிச்சு. சேரச் சொல்லுங்க மச்சான், அவன் கால் சைக்கிளுக்குன்னே செஞ்ச கால். நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்றான். நீங்கள் சொன்னால்தான் கேட்பான் என்றதும், சொல்ல வந்ததை மறந்துவிட்டு ஒரு நிமிஷம் பூரித்துப் போனேன், அதுதான் உண்மை. பிறகு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோப்பிகூடக் குடிக்காமல், "சரி மாப்ளே, எழுதறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அவனிடம்தான் போகப் போகிறேன். முதலில் தபால், பிறகு அவன். தபாலில் போட்ட பிறகு என்னால் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் இந்த வரிசை. உன் அம்மாவுக்கும் அன்றைக்கே சொல்லிவிடுவேன். அவள் என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. மாமா என்னை அடித்தாலும் அடிக்கட்டும். ஆனால் அவன் உன் கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிடக் கூடாது. உன் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவன் அவன், உனக்கு முதல் மாலை போட வேண்டியவன் அவன். என்மேல் உள்ள கோபத்தில் அவன் வராவிட்டால் நான் போய்க் கூப்பிட்டுப் பயனில்லை, நீதான் போய்க் கூட்டி வர வேண்டும். நான் மணவறைப் பக்கம் நிற்பது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுது. பந்தி பரிமாறுகிற பக்கம் நின்றுகொள்கிறேன், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்குப் புத்திமதி சொல்ல வேண்டுமாம், உன் அம்மா எழுதச் சொன்னாள். என் போன்றவன் சொல்லத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உன் மனைவிக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான் என்று எழுதியிருந்தாய். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் அவன்தான் மாமன். நீ கொடுக்க முடியாத ஏதோ ஒன்றை அவன் கொடுப்பான், பிள்ளை உன்னை விட்டுவிட்டு அவனிடம் ஓடும். அப்போது உனக்குள் ஒன்று எரியும், என் ரத்தம்தானே உனக்கும். எரிந்தால் வெற்றிலை வாங்க எழுந்து போகாதே. அவர்கள் பக்கத்தில் போய் உட்கார். எனக்கும் சொல்லிக் கொடு மாப்ளே என்று வெட்கப்படாமல் கேள். நான் ஒரு தடவை அப்படிக் கேட்டிருந்தால், முத்து எனக்கும் சைக்கிள் பழக்கியிருப்பான், மூன்று பேரும் அந்தக் கடற்கரைக்குப் போயிருப்போம். அவன் மாட்டேன் என்று சொல்கிறவன் இல்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்வார்கள். அவன் என் பிள்ளையை ஊட்டினான். அவனுடைய பிள்ளை பிறக்க வேண்டிய காலத்தை நான் கெடுத்தேன். பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளையும் பிறந்தது, ஆனாலும் போன வருஷங்கள் போனவைதான்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எதில் சேர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உனக்குப் பதினேழு வயதில் நான் உனக்காக ஒரு தடவை தேர்ந்தெடுத்தது போதும். திடலுக்கும் போய்ப் பார், சாலைக்கும் போய்ப் பார், எதில் உன் மனம் நிற்கிறதோ அதில் நில். அப்பா ஆடிய ஆட்டமாயிற்றே என்று பார்க்காதே, மாமாவுக்குப் பட்ட கடன் என்றும் பார்க்காதே. சடுகுடு என்று முடிவு செய்தால் எனக்குத் தெரிவிக்க வேண்டாம், தம்பி. தெரிந்தால் நான் சந்தோஷப்பட்டுவிடுவேன், அந்தச் சந்தோஷத்துக்கு எனக்கு யோக்கியதை இல்லை. சைக்கிள் என்றால் மட்டும் ஒரு வரி எழுதிப் போடு. முதல் நாள் யாரோடு போனாய், மாமாவைக் கூட்டிக்கொண்டு போனாயா, எவ்வளவு தூரம் போனீர்கள், எல்லாம் எழுது. படித்தால் எனக்கு வயிறு எரியும். எரியட்டும், நீ எழுது.

உன் அப்பா